ராக்கெட் இக்னைட்டர்: வாங்கும் முன் கம்ப்யூட்டரில் கணக்குப் போடுங்கள்

ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று. பட்டனை அழுத்துகிறார்கள். ராக்கெட் அசையவில்லை. மோட்டாரிலோ, பாராசூட்டிலோ, உள்ளே இருக்கும் கம்ப்யூட்டரிலோ கோளாறு இருக்காது. பெரும்பாலும் குற்றவாளி, நாசில் வழியாக உள்ளே செருகப்பட்ட ஒரு சிறிய கம்பி. இக்னைட்டர் எனப்படும் இந்தக் கம்பி மோட்டாரோடு ஒப்பிட்டால் மிக மலிவானது. ஆனால் பல மாத உழைப்பும் நூற்றுக்கணக்கான டாலர் செலவும் இதனை நம்பித்தான் நிற்கின்றன.

கம்ப்யூட்டர் இதழில் ராக்கெட் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். அமெரிக்காவில் பொழுதுபோக்காகப் பெரிய ராக்கெட்டுகளை விடுபவர்கள் இன்று பாதி வேலையை வீட்டுக் கம்ப்யூட்டரில்தான் செய்கிறார்கள். ராக்கெட்டை வடிவமைப்பதும், எவ்வளவு உயரம் போகும் என்று பார்ப்பதும், இக்னைட்டருக்கு மின்சாரம் போதுமா என்று கணக்கிடுவதும் திரையிலேயே முடிந்து விடுகின்றன. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டை உருப்படியாகப் பயன்படுத்திப் பழகுவதற்கு இதைவிட நல்ல பயிற்சி கிடைப்பது அரிது. அமெரிக்காவில் நடக்கும் பன்னாட்டுக் கல்லூரி ராக்கெட் போட்டிகளில் இந்தியக் கல்லூரி அணிகளும் கலந்து கொண்டுள்ளன. உங்கள் வீட்டுப் பிள்ளை அப்படி ஓர் அணியில் இருந்தால் இந்தக் கட்டுரையை அவருக்கும் காட்டுங்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லி விடுகிறோம். நம் நாட்டில் வெடிபொருட்களைத் தயாரிக்கவும் வைத்திருக்கவும் 1884ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தின் கீழ் லைசென்ஸ் வேண்டும். எனவே இங்கு எதையும் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். நமக்கு வேண்டியது கணக்கும் சாப்ட்வேரும் மட்டுமே.

பெரிய ராக்கெட் என்றால் எவ்வளவு பெரிது?

மோட்டார்களை ஆங்கில எழுத்துகளால் தரம் பிரிக்கிறார்கள். ஓர் எழுத்து கூடினால் மொத்த உந்தத்தின் உச்ச வரம்பு இரு மடங்காகும். ஜி வகை 160 நியூட்டன் செகண்ட் வரை. அதற்கு மேல் ஹெச் வகை 320 வரை, ஐ வகை 640 வரை, ஜே வகை 1280 வரை என்று போகிறது. ஹெச் முதல் மேலே உள்ளவை "ஹை பவர்" எனப்படும். 1957ல் தொடங்கப்பட்ட நேஷனல் அசோசியேஷன் ஆப் ராக்கெட்ரி, 1964ல் தொடங்கப்பட்ட டிரிபோலி ராக்கெட்ரி அசோசியேஷன் ஆகிய இரு அமைப்புகள்தான் இவற்றைப் பயன்படுத்தச் சான்றிதழ் தருகின்றன. முதல் நிலைக்கு ஹெச், ஐ. எழுத்துத் தேர்வு எழுதி இரண்டாம் நிலை பெற்றால் ஜே, கே, எல். மூன்றாம் நிலைக்கு எம் முதல் மேலே. 18 வயது நிறைந்திருக்க வேண்டும்.

இந்த மோட்டார்களில் பெரும்பாலும் இருப்பது அம்மோனியம் பெர்குளோரேட் கலந்த ரப்பர் போன்ற எரிபொருள். ஸ்பேஸ் ஷட்டிலின் இரு பக்கமும் இருந்த வெள்ளை பூஸ்டர்களில் இருந்ததும் இதே குடும்பம்தான். 2009 மார்ச் வரை அமெரிக்க அரசு இதனை வெடிபொருள் பட்டியலில் வைத்திருந்தது. மேலே சொன்ன இரு அமைப்புகளும் 2000ல் வழக்குப் போட்டு, ஒன்பது ஆண்டுகள் போராடி, வாஷிங்டன் நீதிமன்றத்தில் வென்ற பின்னர்தான் நீக்கினார்கள். அந்த அமைப்புகளின் வாதம் என்ன தெரியுமா? இந்த எரிபொருள் வெடிப்பதில்லை, எரிகிறது, அதுவும் மெதுவாக. இக்னைட்டர் தேர்வில் வரும் தலைவலிக்கெல்லாம் காரணமும் இதுதான். எளிதில் பற்றாத ஒன்றைப் பற்ற வைக்க வேண்டியிருக்கிறது.

உள்ளே என்ன நடக்கிறது?

இக்னைட்டரின் முனையில் முடி போன்ற மெல்லிய கம்பி இருக்கும். பெரும்பாலும் நிக்ரோம், நம் வீட்டு டோஸ்டரில் சிவந்து எரிவதும் இதுதான். மின்சாரம் பாய்ந்ததும் கம்பி சூடாகி, அதன் மேல் பூசப்பட்டுள்ள ரசாயனப் பூச்சு பற்றிக்கொள்ளும். அந்தத் தீ எரிபொருளைப் பற்ற வைக்கும்.

சிறுவர்கள் விடும் சிறிய ராக்கெட்டுகளில் கரிமருந்து மோட்டார் இருக்கும். ஒரு பொறி பட்டாலே போதும். பெரிய மோட்டார் அப்படியல்ல. எரிபொருள் உருளைகளின் நடுவே ஒரு துளை செல்கிறது. இக்னைட்டரை அந்தத் துளையின் மேல் முனை வரை தள்ளி வைக்க வேண்டும். அப்போதுதான் மேலே கிளம்பும் தீ, கீழே நாசிலை நோக்கி வரும் வழியில் துளை முழுவதையும் பற்ற வைத்து உள்ளே அழுத்தத்தை உயர்த்தும். பாதியில் நின்று விட்டால், கீழ்ப்பகுதி மட்டும் எரிந்து, அழுத்தம் போதாமல் அணைந்து, மீண்டும் பற்றி, "புஸ்... புஸ்..." என்று இருமிக்கொண்டே இருக்கும். கொஞ்சம் இருமிவிட்டு ராக்கெட் திடீரென்று கிளம்பினாலும் கிளம்பும். அதற்குள் யாராவது அருகே போயிருந்தால் விபரீதம்தான்.

ஆகவே நல்ல இக்னைட்டருக்கு மூன்று இலக்கணம் சொல்லலாம். நாசில் துளை வழியாக நுழையும் அளவுக்கு ஒல்லியாக இருக்க வேண்டும். மேல் முனை வரை எட்டும் நீளம் வேண்டும். தீ கொஞ்ச நேரம் நின்று எரிய வேண்டும். இந்த மூன்றாவதைத்தான் பலரும் மறந்து விடுகிறார்கள்.

பாக்கெட்டில் பார்க்க வேண்டிய இரண்டு எண்கள்

கடையில் "நம்பகமானது" என்று எல்லாப் பாக்கெட்டிலும் போட்டிருக்கும். அதனைப் படிக்காதீர்கள். தயாரிப்பாளர் தரும் விவரத் தாளில் இரண்டு எண்களைத் தேடுங்கள். "ஆல் பயர்" என்பது, இவ்வளவு ஆம்பியர் தந்தால் கட்டாயம் பற்றும் என்ற அளவு. "நோ பயர்" என்பது, இவ்வளவு வரை பாய்ந்தாலும் பற்றாது என்ற அளவு. இந்த இரண்டையும் சொல்லாத தயாரிப்பாளரின் இக்னைட்டரை நாம் வாங்க மாட்டோம்.

சந்தையில் கிடைப்பவற்றை இரண்டாகப் பிரிக்கலாம். ஒன்று, இ-மேட்ச் எனப்படும் மின்தீக்குச்சி. வாணவேடிக்கைக்காரர்கள் பயன்படுத்துவது. பொதுவாக 1 முதல் 2 ஓம் மின்தடை இருக்கும். அரை ஆம்பியர் அளவிலேயே பற்றிவிடும். கண் சிமிட்டும் நேரத்தில் எரிந்து முடிந்தும் விடும். இன்னொன்று, மோட்டாருக்கென்றே தடித்த பூச்சுடன் வருவது. இதற்குப் பல ஆம்பியர் வேண்டும். பற்றவும் சற்று நேரமாகும். ஆனால் தீ நீளமாக நின்று எரியும்.

இ-மேட்ச் குறைந்த மின்சாரத்தில் பற்றுகிறதே, அதுதானே நல்லது என்று தோன்றும். இங்கேதான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. ஏவும் கருவியில் கம்பி இணைப்பு சரியாக உள்ளதா என்று காட்ட ஒரு விளக்கு இருக்கும். இந்தச் சோதனைக்காக இக்னைட்டர் வழியே கொஞ்சம் மின்சாரம் எப்போதும் பாயும். பழைய கருவிகளில் உள்ள டார்ச் பல்பு போன்ற குண்டு பல்பு என்றால் இது 100 முதல் 250 மில்லி ஆம்பியர் வரை இருக்கலாம். எல்.இ.டி. என்றால் 20க்கும் கீழே. பழைய கருவியில் மிக மென்மையான இக்னைட்டரை மாட்டினால், யாரும் பட்டனை அழுத்தாமலேயே, கிளிப்பை மாட்டும் போதே ராக்கெட் கிளம்பி விடலாம். மாட்டுபவரின் முகம் அப்போது நாசிலுக்குப் பக்கத்தில் இருக்கும்.

எனவே நோ பயர் எண்ணில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சோதனை மின்சாரம் போகக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆல் பயர் எண்ணைப் போல் குறைந்தது இரு மடங்காவது பட்டனை அழுத்தும்போது கிடைக்க வேண்டும். இந்த இரண்டு வரம்புகளும் நம் சொந்த அளவுகோல். கொஞ்சம் கடுமையானதுதான், ஆனால் இதனைத் தளர்த்திக் கொள்ளும்படி யாருக்கும் சொல்ல மாட்டோம்.

ஸ்ப்ரெட்ஷீட்டில் கணக்கு

எக்ஸெல் இருந்தால் அதனைத் திறந்து கொள்ளவும். இல்லையென்றால் லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள கால்க் இலவசமாகவே கிடைக்கிறது. ஏ வரிசையில் பெயர்களையும் பி வரிசையில் எண்களையும் டைப் செய்திடவும்.

பி1ல் பேட்டரியின் வோல்ட் 12.6. பி2ல் ஏவுமேடை வரை வயரின் தூரம், மீட்டரில் 30. பி3ல் வயரின் குறுக்களவு 0.75 சதுர மி.மீ. பி4ல் வயரின் மின்தடை வர வேண்டும். அதற்கு =0.0172*2*பி2/பி3 என்று அமைக்கவும் (செல் பெயரை ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்). 0.0172 என்பது செம்புக் கம்பிக்கு உரிய எண். மின்சாரம் போய்த் திரும்பி வர வேண்டுமே, அதனால்தான் 2ஆல் பெருக்குகிறோம். பி5ல் கிளிப்புகளுக்கு 0.2 ஓம். பி6ல் பேட்டரியின் உள் மின்தடை 0.03. பி7ல் இக்னைட்டரின் மின்தடை 1. பி8ல் எத்தனை இக்னைட்டர் என்பது, இப்போது 1. பி9ல் =பி1/(பி4+பி5+பி6+பி7/பி8) என்று தரவும். இது மொத்த ஆம்பியர். பி10ல் =பி9/பி8. ஒவ்வொரு இக்னைட்டருக்கும் கிடைக்கும் பங்கு இது.

என்டர் தட்டியவுடன் 4.83 ஆம்பியர் என்று வரும். தாராளம். ஆனால் எம் வகை மோட்டார் என்றால் பாதுகாப்பு விதிப்படி ஆட்கள் 500 அடி, அதாவது சுமார் 150 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். பி2ல் 30ஐ அழித்து 150 என்று போடவும். 1.55 ஆம்பியராகச் சுருங்கிவிடும்! வயரே மின்சாரத்தைத் தின்று விட்டது. பல ஆம்பியர் கேட்கும் தடித்த இக்னைட்டர் இதில் பற்றாது. வெதுவெதுப்பாகி நின்று விடும். "இக்னைட்டர் மோசம்" என்று கடைக்காரரைத் திட்டுவார்கள். அவர் பாவம்.

இதற்கு வழி என்ன? பேட்டரியையும் ஒரு ரிலேயையும் ஏவுமேடைக்கு அருகிலேயே வைத்து விடுகிறார்கள். தொலைவில் உள்ள பட்டன் ரிலேயை மட்டும் இயக்கும். அதற்குச் சொற்ப மின்சாரம் போதும். பேட்டரிக்கும் மேடைக்கும் இடையே 3 மீட்டர் வயர்தான். பி2ல் 3 என்று கொடுத்தால் 9.21 ஆம்பியர் காட்டும். ஒரே இக்னைட்டர், ஒரே பேட்டரி. பேட்டரியின் இடம் மாறியதால் மட்டும் ஆறு மடங்கு வந்து விடுகிறது.

இந்த ஷீட்டைச் சேவ் செய்து வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரி பழசானால் எப்படி இருக்கும் என்று பார்க்க பி6ல் 0.5 என்றும், பி1ல் 12 என்றும் மாற்றிப் பாருங்கள்.

மூன்று மோட்டார், ஒரே நொடி

சிலர் ஒரு பெரிய மோட்டாருக்குப் பதில் மூன்று சிறிய மோட்டார்களை ஒன்றாகக் கட்டுவார்கள். கிளஸ்டர் எனப்படும். பார்க்க அழகு, ஆனால் இக்னைட்டருக்கு இதுதான் அக்னிப் பரீட்சை. மூன்றையும் பக்க இணைப்பில்தான், அதாவது பேரலலாகத்தான் இணைக்க வேண்டும். பழைய சீரியல் செட் விளக்கு போல வரிசையாக இணைத்தால், முதலில் பற்றிய இக்னைட்டரின் கம்பி அறுந்ததும் மற்ற இரண்டுக்கும் மின்சாரம் நின்று விடும்.

பி8ல் 3 என்று கொடுங்கள். ரிலே இல்லாத 30 மீட்டர் வயரில் ஒவ்வொன்றுக்கும் 2.17 ஆம்பியர்தான் வரும். ரிலேயோடு 3 மீட்டர் என்றால் 6 ஆம்பியர். பழைய பேட்டரி கணக்கைப் போட்டால் அது 3.4 ஆகக் குறையும்.

மூன்றும் சேர்ந்து பற்றாவிட்டால் என்ன ஆகும்? 3 கிலோ ராக்கெட். 80 நியூட்டன் உந்துவிசை உள்ள மூன்று ஜி வகை மோட்டார்கள். ஏவுதண்டின் நீளம் 1.8 மீட்டர். காற்றுத் தடையைத் தள்ளிவிட்டுக் கணக்கிட்டால், மூன்றும் பற்றினால் தண்டை விட்டு விலகும்போது வேகம் நொடிக்கு 15.9 மீட்டர். இரண்டு மட்டும் என்றால் 12.5. ஒன்று என்றால் 7.8. இறக்கைகள் காற்றைப் பிடித்து ராக்கெட்டை நேராக நிறுத்த நொடிக்குச் சுமார் 15 மீட்டராவது வேண்டும் என்பது இத்துறையில் பொதுவாகச் சொல்லப்படும் அளவு. அதற்குக் குறைந்தால் தண்டை விட்டதும் ராக்கெட் சாய்ந்து கூட்டத்தின் பக்கம் திரும்பலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இரண்டு மோட்டாரில் தண்டைக் கடக்க ஆகும் நேரம் 0.29 நொடிதான். மூன்றாவது இக்னைட்டர் நல்லதே ஆனாலும், அரை நொடி தாமதித்துப் பற்றினால் ராக்கெட் அதற்குள் காற்றில் இருக்கும். எனவே கிளஸ்டருக்குப் பற்றும் வேகமும், மூன்றும் ஒரே மாதிரி இருப்பதும்தான் முக்கியம். ஒரே பாக்கெட், ஒரே தயாரிப்பு எண் உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். இரண்டு வகையைக் கலக்கவே கூடாது. மின்தடை குறைந்தது அதிக மின்சாரத்தை இழுத்துக்கொண்டு முந்திவிடும்.

ஓப்பன்ராக்கெட்டில் பார்க்கலாம்

இதனைத் திரையில் பார்க்க ஓப்பன்ராக்கெட் என்ற இலவச சாப்ட்வேர் உள்ளது. 2009ல் பின்லாந்தின் ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் சாம்போ நிஸ்கனென் என்ற மாணவர் தன் முதுகலை ஆய்வுக்காக எழுதியது. இன்று உலகெங்கும் தன்னார்வலர்கள் வளர்த்து வருகிறார்கள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். ஜாவா மொழியில் எழுதப்பட்டது என்றாலும் இப்போதைய இன்ஸ்டாலரில் ஜாவாவும் சேர்ந்தே வருவதால் தனியே தேடி அலைய வேண்டியதில்லை.

முதலில் அதனுடன் வரும் மாதிரி ராக்கெட் ஒன்றைத் திறந்து பழகவும். கிளஸ்டர் உள்ள மாதிரியில் மோட்டார்க் குழாயில் இரட்டைக் கிளிக் செய்து, கிளஸ்டர் டேபில் உள்ள பிரிக்கும் பட்டனை அழுத்தினால் ஒவ்வொரு குழாயும் தனித்தனியாகும். பின்னர் மோட்டார் பகுதியில் ஒவ்வொன்றுக்கும் மோட்டாரையும், எப்போது பற்ற வேண்டும் என்பதையும் தேர்ந்தெடுக்கலாம். ஒன்றை மட்டும் "ஏவும்போது, அரை நொடி தாமதம்" என்று கொடுத்து சிமுலேஷனை இயக்குங்கள். அடுத்து அதனையே "நெவர்", அதாவது பற்றவே இல்லை என்று மாற்றி இயக்குங்கள். தண்டை விட்டு விலகும் வேகம் எவ்வளவு சரிகிறது என்று முடிவுப் பட்டியலிலேயே தெரியும். ஒரு பக்க மோட்டார் பற்றாததால் ராக்கெட் எந்தப் பக்கம் எவ்வளவு சாயும் என்பதற்கு மட்டும் இதனை நம்பி விடாதீர்கள். உயரமும் வேகமும் பார்க்கத்தான் இது.

உள்ளே இருக்கும் குட்டிக் கம்ப்யூட்டர்

தீப்பெட்டி அளவில் ஒரு கம்ப்யூட்டரும் ராக்கெட்டுக்குள் பயணம் செய்கிறது. காற்றழுத்தத்தை அளந்து, உச்சியைத் தொட்டதும் சிறு பாராசூட்டையும், இறங்கி வரும்போது சில நூறு அடி உயரத்தில் பெரிய பாராசூட்டையும் திறக்கச் செய்யும். இரண்டு முறையும் அது பற்ற வைப்பது இ-மேட்சைத்தான். சிறிய பேட்டரியில் இயங்குவதால் இங்கே நாம் முன்பு சொன்னதைத் தலைகீழாக மாற்றிக்கொள்ள வேண்டும். பல ஆம்பியர் கேட்கும் தடித்த மோட்டார் இக்னைட்டரை இங்கே மாட்டினால் 9 வோல்ட் பேட்டரி திணறி, வோல்டேஜ் சரிந்து, கம்ப்யூட்டரே ரீசெட் ஆகிவிடலாம். நடுவானில் ரீசெட் என்றால் பாராசூட் இல்லை. மூன்று கிலோ எடை அப்படியே தலைகுப்புற வரும். குறைந்த மின்சாரத்தில் பற்றும் இ-மேட்ச்தான் இங்கே சரி.

அமெரிக்காவில் இ-மேட்சுகள் பொதுவாக வெடிபொருளாகக் கருதப்பட்டு, வாங்க அரசு அனுமதி கேட்கப்படுகிறது. ஏவும் களத்திலேயே கடை போடும் விற்பனையாளர்களிடம் அனுமதி தேவைப்படாத வகைகளும் கிடைக்கின்றன. எது எந்த வகை என்று கேட்டு வாங்க வேண்டும்.

வாங்கிய பின்னர்

ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் இருந்தால் போதும். முதலில் மீட்டரின் இரு முனைகளையும் தொட வைத்து வரும் எண்ணைக் குறித்துக்கொண்டு, பின்னர் இக்னைட்டரை அளந்து அந்த எண்ணைக் கழிக்க வேண்டும். மோட்டாருக்கு வெளியே, யாரையும் நோக்காத திசையில் வைத்து அளக்கவும். பெரும்பாலான மீட்டர்கள் ஓரிரு மில்லி ஆம்பியருக்கு மேல் செலுத்துவதில்லை. ஆனாலும் கையேட்டில் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. பாக்கெட்டில் உள்ள மற்றவற்றிலிருந்து விலகி நிற்கும் எண் வந்தால் அதனை ஒதுக்கி விடவும். முனைப் பூச்சில் விரிசல் தெரிந்தாலும், உதிர்ந்திருந்தாலும் அப்படியே. மேடைக்குப் போகும் வரை இரு கம்பிகளையும் முறுக்கி ஒன்றாக வைத்திருந்தால் நிலை மின்சாரத்தால் தானாகப் பற்றும் வாய்ப்பு குறையும்.

களத்தில் வரிசை மாறக் கூடாது. ராக்கெட்டை மேடையில் நிமிர்த்தி நிறுத்திய பின் உள்ளே இருக்கும் கம்ப்யூட்டரை ஆன் செய்து, அது தரும் பீப் ஒலியால் பாராசூட் இணைப்புகள் சரிதானா என்று கேட்க வேண்டும். அதன் பின்னரே மோட்டார் இக்னைட்டர் உள்ளே போகும். துளையின் ஆழத்தை முன்னரே ஒரு குச்சியால் அளந்து, இக்னைட்டர் கம்பியில் பேனாவால் குறித்து வைத்திருந்தால் மேல் முனையைத் தொட்டதா என்று ஊகிக்க வேண்டியிருக்காது. மாட்டும் முன் கிளிப்புகள் இரண்டையும் ஒன்றோடு ஒன்று தொட வைத்துப் பார்க்கவும். பொறி தெரிந்தால் லைனில் மின்சாரம் இருக்கிறது. மாட்டாமல் திரும்பி வந்து விடவும்.

பட்டனை அழுத்தியும் கிளம்பாவிட்டால், ஏவும் கருவியின் சாவியைக் கழற்றி, அல்லது பேட்டரி இணைப்பைத் துண்டித்து, 60 நொடி கழித்தே அருகில் போகலாம் என்பது விதி. கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணவும். அந்த ஒரு நிமிடத்தில் லேப்டாப்பைத் திறந்து, பி9ல் என்ன எண் இருக்கிறது என்று பார்த்தால், குறை இக்னைட்டரிலா வயரிலா என்பது அநேகமாகப் பிடிபட்டு விடும்.